கண்ணாடி இல்லாத அறை

கத்தரியைத் திறந்துவிட்டாள். மூடத்தான் பயமாக இருந்தது.

நாற்காலியில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். நனைத்துச் சீவிய முடி பிடரியில் ஒட்டிக் கிடந்தது. விரலிடுக்கில் பிடித்தால் நழுவுகிற அளவுக்கு மெல்லிய முடி.

கடையில் பாதிப் பங்குக்காரியான தோழி ஓரமாக நின்று டவல் மடித்தாள். மடித்த டவலையே மறுபடியும் மடித்தாள்.

வாடிக்கையாளர்கள் இவளைக் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கத்தரி அக்கா மாதக்கணக்காகக் கத்தரியைத் தொடவில்லை. தொட்டால் கை ஆடியது. தலை அலசிவிடுவதும் தரையைக் கூட்டுவதுமாகப் பொழுது போனது. இப்படியே போனால் கடையை விட்டுவிட வேண்டியதுதான்.

நரம்பு டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கவுன்சலரைப் பாருங்கள் என்று ஒரு விலாசமும் கொடுத்தார்.

"பேசுறதுக்குப் போய் ஒரு ஆளா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் கணவன், போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

கவுன்சலரிடம் போகும்போது ஏகப்பட்ட கற்பனை. படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வார்கள், மூட்டை மூட்டையாகப் புத்திமதி கிடைக்கும் என்று நினைத்தாள். போய்ப் பார்த்தால் இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு டிஷ்யூ பெட்டி.

கவுன்சலர் "சொல்லுங்க" என்றுவிட்டுக் காத்திருந்தார்.

அது இவளுடைய வசனம். கடையில் இவள்தான் அப்படிச் சொல்வாள். உட்கார்ந்தவர்கள் மாமியார் சண்டையிலிருந்து பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் கொட்டுவார்கள்.

பழக்கம் விடுமா? நெற்றியோரம் முடி கொட்டுகிறதே, தூக்கம் சரியில்லையா மேடம் என்று ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் கவுன்சலர் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக் கதைவரைக்கும் வந்துவிட்டார். அப்புறம் சட்டென்று நிறுத்தி வாய்விட்டுச் சிரித்தார்.

"சொல்ற ஆளையே மாத்திட்டீங்களே! எல்லாரும் உங்ககிட்ட வந்து சொல்றாங்க. நீங்க யாருகிட்ட சொல்வீங்க?"

இவள் பேச்சைக் கடை வாடகைக்குத் திருப்பினாள். அடுத்த முறை கரண்ட் பில்லுக்கு. கவுன்சலர் அவசரப்படுத்தவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஒரு புத்திமதியாவது சொல்லித் தொலைத்தால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அந்த எரிச்சலில்தான் ஒருநாள் வாயை விட்டாள். இந்த அறையில் கண்ணாடியே இல்லை, நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி எனக்குப் பழக்கமில்லை என்றாள். முதுகுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் தெரியும் முகத்தோடுதான் இத்தனை வருடமாகப் பேசுகிறேன் என்றாள்.

கவுன்சலர் எழுந்தார். இரண்டு நாற்காலிகளையும் ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கண்ணாடியில் இரண்டு முகங்களும் மங்கலாகத் தெரிந்தன.

ஜன்னலில் தெரிந்த கவுன்சலரின் முகத்திடம் சொன்னாள்.

தங்கைக்கு வியாதி. மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்றார்கள். கொத்துக் கொத்தாகக் கொட்டுவதைப் பார்க்க என்னால் முடியாது, நீயே எடுத்துவிடு என்றாள் தங்கை. இவள் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, பின்னலை வெட்டி, தலை முழுக்க மெஷின் போட்டாள். வாடிக்கையாளர்களிடம் அடிக்கும் ஜோக்கையெல்லாம் அன்றைக்கும் அடித்தாள். தங்கையும் சிரித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மறுநாள் காலை கத்தரியை எடுத்தபோது கை ஆடியது.

"என் கையாலயே அவளை வழியனுப்பி வச்ச மாதிரி இருந்துச்சு மேடம்."

சொல்லிவிட்டு அழுதாள். மூக்கு ஒழுக, விக்கி விக்கி, டிஷ்யூ பெட்டி தீரும்வரை அழுதாள். கவுன்சலர் அழாதீங்க என்று சொல்லவில்லை. அதற்காகவே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பித்தது. முதலில் கத்தரியைச் சும்மா கையில் வைத்திருக்க வேண்டும் என்றார் கவுன்சலர். அப்புறம் காகிதம். அப்புறம் தொழில் பழகும் பொம்மைத் தலை. கை ஆடினால் அடக்கக் கூடாது, ஆட விட்டுவிட வேண்டும். பாவம், அந்தப் பொம்மைத் தலைக்குக் காதுக்கு மேலே இப்போது ஒன்றுமே மிச்சமில்லை.

இன்றைக்கு உயிருள்ள தலை.

கை ஆடியது. ஆடட்டும் என்று விட்டாள். தோழி டவல் மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

சரக்.

துணிமேல் கொஞ்சம் முடி விழுந்தது. மறுபடியும் சரக். அதற்கப்புறம் கத்தரி இவளைக் கேட்கவில்லை. காதோரம், பிடரி, உச்சி என்று பழைய வேகத்தில் ஓடியது. தோழி ஒரு டவலை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு தேம்பினாள். இவளுக்கோ தெருவில் இறங்கி, போகிற வருகிறவர்களை எல்லாம் பிடித்து நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஜெயித்துவிட்டாள். சந்தேகமே இல்லை.

கழுத்தில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டு, கண்ணைத் திற என்றாள்.

உட்கார்ந்திருந்தவள் திறந்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மருந்தெல்லாம் முடிந்து, புதிதாக முளைத்து வளர்ந்த முடிக்கு இதுதான் முதல் வெட்டு.

"இடது பக்கம் கோணலா இருக்குக்கா. சரி பண்ணாம நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள் தங்கை.