ஒரே ஒரு வாசகர்

“உங்க தொடர்கதையை ஒருத்தரும் படிக்கலைன்னு யாரு டீச்சர் சொன்னா? நான் வாரம் தவறாம படிக்கேன்.”

ஆமத்தூருக்கு வீடு தேடி வந்த இருளாண்டியிடம், காலையில் வந்த கடிதத்தைக் காட்டிப் பெர்சிஸ் டீச்சர் புலம்பியதற்குத்தான் இந்தப் பதில். ‘இத்தனை கொடுமையான எதிர்கால உலகத்தை யார் விரும்பிப் படிப்பார்கள்? ஒரு வாசகர் கடிதம்கூட வரவில்லை. அடுத்த வாரத்தோடு முடித்துவிடுங்கள்’ என்று எழுதியிருந்தார் பத்திரிகை ஆசிரியர்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வாசகர் கிடைத்துவிட்டால் தலைகால் புரியாது. ஓடிப்போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

“படிக்கப் பயமா இல்லையா அண்ணாச்சி?”

“பயம் என்ன? நான் பட்டாசுக் கம்பெனியில இருக்கேன். எங்க பொளப்பு அம்புட்டும் அதுல இருக்கு.”

பெர்சிஸுக்குக் கண் கலங்கியது. பட்டாசுத் தொழிலாளிகள் படும் பாட்டைப் பார்த்து மனம் வெந்துதான் அவள் அந்தக் கதையையே எழுதினாள்.

“எங்க மொதலாளிகிட்டயும் கதையைச் சொன்னேன். அசந்துட்டாரு.”

“மொதலாளிகிட்டயேவா?” அந்தத் துணிச்சல் அவளுக்கு வராது. “இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதிக் குடுக்கீகளா? உங்க ஒரு கடுதாசி போதும், கதை பிழைச்சுக்கும்.”

“எழுதுனாப் போச்சு. எனக்கும் அவசரமாப் போற வேலை இல்ல.”

டீயை உறிஞ்சிக்கொண்டே நிதானமாக எழுதி நீட்டினார். பெர்சிஸ் ஆசையோடு வாங்கிப் படித்தாள்.

‘27.9.2007. ஐயா, நான் பட்டாசுக் கம்பெனி போர்மேன். கம்பெனி பேர் போடவில்லை, மன்னிக்கவும். ரூமுக்கு நாலு ஆள்தான் சட்டம். சீசனில் நாங்கள் பத்து ஆள் வைப்போம். அதிகாரி ஜீப் வந்தால் மிச்ச ஆட்கள் கருவேலங்காட்டுக்குள் ஓடுவார்கள், ஒன்றிரண்டு பேர் மாட்டிக்கொள்வார்கள். டீச்சர் கதையில் வரும் மேஸ்திரி, மிச்ச ஆட்களைச் சரக்கு ரூமில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியோடு ஊரைவிட்டே போய்விடுகிறான். நல்ல யோசனை. கதை எங்களுக்கு மிகவும் உபயோகமாக இருக்கிறது, நிறுத்த வேண்டாம். இன்றைக்கும் சோதனை. இருபத்தாறு பேர் வெடிமருந்து மூட்டைகளோடு உள்ளே இருக்கிறார்கள். நான் நாலு மணி வரைக்கும் சாவியோடு டீச்சர் வீட்டில்தான் இருப்பேன்.’