சும்மா கேட்டனான்

“மூண்டு வருசமா நீ அப்படி என்னத்தைத்தான் படிக்கிறாய், லோஜினி?”

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டா. கிழக்கு லண்டன், குட்மேய்ஸ் வீட்டில் சனிக்கிழமைக் காலை. நான் பதினொரு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் பிரவின் காத்து நிற்பான்.

பிரவினைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தீசிஸ் கொடுக்க இன்னும் ஐந்து மாதம் கிடக்கிறது. தெரிந்தால் அடுத்த நாளே மண்டபம், கூறைச்சேலை என்று தொடங்கிவிடுவா. என் படிப்பு அந்தரத்தில் நிற்கும். அதுவும் மலேசியப் பெடியன் என்றால், ஆர் எவர் என்ற விசாரணை வேறு; சொல்லவே தேவையில்லை.

அதனால் படிப்பைப் பற்றியே கதைத்தேன்.

“துகள் எந்தப் பாதையால போகுது எண்டு நேராப் பாத்தா, அது குழம்பிப்போயிடும் அம்மா. அதால பட்டும் படாமலும் தொட்டுப் பாக்கிறது. ஒருக்காப் பாத்தா ஒண்டும் விளங்காது. ஒரே மாதிரித் துகளுகளை விட்டு, ஆயிரக்கணக்கில பாத்துச் சராசரி எடுத்தா, பாதை கீறின மாதிரித் தெரியும். துகளுக்குத் தன்னைப் பாத்ததே பெரிசாத் தெரியாது.”

“இதுக்கு யூனிவசிற்றிக்குப் போகவேணுமோ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது விளங்கவே எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

“செவ்வாய்க்கிழமை மழைக்குள்ள குடை ஆர் கொண்டுவந்தது?” அம்மா வெங்காயத்தைச் சட்டியில் போட்டா. “சும்மா கேட்டனான்.”

அம்மாவின் சும்மாக் கேள்விகள் எனக்குப் பழக்கம். நாளுக்கு ஒன்று வரும். மத்தியானம் என்ன சாப்பிட்டனி? அங்க மலேசியாக் கடையும் இருக்கோ? படத்துக்கு ரிக்கெற் எவ்வளவு? பொய்யும் சொல்லாமல், உண்மையும் சொல்லாமல் நழுவிவிடுவேன். இந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரி என்று எனக்கொரு நினைப்பு.

“சிநேகிதியின்ர குடை,” என்றேன்.

“ஓம், ஓம்.”

கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தால், மேசையில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகள்.

“பச்சை மூடி உனக்கு. நீல மூடி பிரவினுக்கு. அதுக்குள்ள இறால் போடேல்லை, கோழிதான்.”

பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரயிலில் இருந்தபிறகுதான் மூளை வேலை செய்தது. இறால் தின்றால் பிரவினுக்கு முகம் ஊதிவிடும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, லண்டன் முழுக்கத் தான் சைவம் என்று சொல்லித் திரிகிறவன் அவன்.

அவனை விட்டால், உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

ஒன்று நான். மற்றது, மலேசியாவில், கிள்ளானில் இருக்கிற அவனுடைய அம்மா.