மூடிய கை

உப்பளம் கடைத்தெருவில் நாங்கள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்குள் காலை வெயில் மேசைக்கால் வரை வந்திருக்கிறது. கார்குழலி அக்காவின் கம்ப்யூட்டரில் ஃபைல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுக்குக் கீழே, திரையில், பணம் கேட்டு வைரஸ் அனுப்பியவனின் சிவப்பு மிரட்டல். "நெட் வயரப் புடுங்குடி, மத்த கம்ப்யூட்டருக்கும் தாவிடும்!" என்கிறாள் அக்கா. பிடுங்குகிறேன். பெட்டியின் பின்னால் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு அணைகிறது. முதலாளி செம்மல், அக்கா கையிலிருக்கும் பென்டிரைவுக்காகக் கை நீட்டுகிறார். வைத்திக்குப்பத்து முந்நூறு படகுகளின் பதிவு விண்ணப்பங்கள் இனி அதில் மட்டும்தான் இருக்கின்றன. "குடு, சொருகிப் பாத்துடலாம். எல்லாம் இருக்கான்னு தெரியணும்ல?" "இதுல சொருகினா அதுவும் போயிடும் சார். தெரிஞ்சவங்க வந்து பாக்கட்டும்" என்கிறாள் அக்கா. "கடை என்னுதா, உன்னுதா?" "கடை உங்களுது. படகு அவங்களுது." சொல்லிவிட்டு அக்கா பென்டிரைவை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்குகிறாள். அவர் என் பக்கம் திரும்புகிறார். இரண்டு வருடமாக அவர் முன்னால் தலையாட்டியே பழகியவள் நான். "நீயாவது குடும்மா." ஜெராக்ஸ் மெஷின் தன்பாட்டுக்கு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளுகிறது. "தர மாட்டேன் சார்." குரல் நடுங்குகிறது. விரல்கள் நடுங்கவில்லை.