ஞாயிற்றுக்கிழமை குத்துச்சண்டை

“இது ஏமாத்து வேலை!” என்றார் மாமனார்.

பெரிய மாப்பிள்ளையின் கை வீடியோ கேம் கண்ட்ரோலரோடு அப்படியே நின்றது. கம்ப்யூட்டர் திரையில் சின்ன மாப்பிள்ளையின் குத்துச்சண்டை வீரன் மல்லாந்து கிடந்தான். போன ஞாயிறும் அவன்தான் கிடந்தான். அதற்கு முந்தின ஞாயிறும் அவனேதான்.

“என்ன மாமா சொல்றீங்க?”

“இந்தக் கண்ட்ரோலர்ல எந்தப் பட்டன் என்ன செய்யணும்னு நாமளே எழுதி வச்சுக்கலாமாமே? ஒரு தட்டு தட்டினா நாலு குத்து விழுற மாதிரி பண்ணலாமாம். டி.வி.ல காட்டினான்.”

“பண்ணலாம். ஆனா நான் பண்ணலை.”

“வீட்டுலயே உக்காந்திருக்கிறவருக்கு நேரமா இல்லை?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பெரிய மகள் எட்டிப் பார்த்து அப்பாவை முறைத்தாள்.

வேலை போனதிலிருந்து அவள் கணவர் யார் வீட்டுக்கும் போவதில்லை. சகலைதான் ஒரே மாதிரி இரண்டு கண்ட்ரோலர் வாங்கி வந்து, “ஒண்டிக்கு ஒண்டி வர்றீங்களா அண்ணே?” என்று சீண்டி இழுத்து வந்தார். அதன் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்காவது மனிதர் தலைகாட்டினார், நாலு வார்த்தை பேசினார். இன்று கோபித்துக்கொண்டு எழுந்தால் மறுபடி இந்த வாசற்படியை மிதிக்க மாட்டார்.

மாமனார் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலைதான் முடிந்ததே தவிர சந்தேகம் முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வந்தால்கூட, எங்கே ஏறினாய் என்கிற மாதிரிதான் பார்ப்பார்.

“நீங்களே சோதிச்சுப் பாருங்க மாமா.” பெரிய மாப்பிள்ளை தன் கண்ட்ரோலரை நீட்டினார்.

சின்ன மகள் அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து, செட்டிங்ஸைத் திறந்து காட்டினாள். கடையிலிருந்து வந்தது வந்தபடி இருந்தது. ஒரு பட்டனைக்கூட யாரும் மாற்றவில்லை.

“போதுமாப்பா?” என்றாள் பெரியவள்.

“ஒருத்தரைச் சோதிச்சா எல்லாரையும் சோதிக்கணும். சின்ன மாப்பிள்ளை, உங்களோடதையும் கொடுங்க.”

“என்னோடது எதுக்கு மாமா? நான்தான் தோத்துட்டேனே!”

“விடுங்க மாமா, பசிக்குது, சாப்பிடலாம்,” என்றார் பெரிய மாப்பிள்ளை.

“கொடுங்கன்னா கொடுங்க.”

சின்ன மாப்பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. டிக்கெட் எடுக்காத முகம் எப்படி இருக்கும் என்று மாமனாருக்குத் தெரியாதா? பிடுங்காத குறையாக வாங்கினார். இந்தத் தடவை அவரே இணைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையை மறைத்தபடி உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாகப் படித்தார்.

எதிராளியின் குத்தைத் தடுக்கும் பட்டனுக்கு நேராக, ‘எதுவும் செய்யாதே’ என்று போட்டிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். தடுக்கவே முடியாதபடி தனக்குத்தானே செய்து வைத்துக்கொண்டு, வாராவாரம் வந்து அடி வாங்கிக்கொண்டிருக்கிறார் மனுஷன்!

“என்னப்பா இருக்கு?” பெரிய மகள் பக்கத்தில் வந்தாள்.

மாமனார் டக்கென்று வயரை உருவினார்.

“ஒண்ணுமில்லைம்மா. ரெண்டு பேரும் சுத்தம். நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க பெரிய மாப்பிள்ளை. வாங்க, சாப்பிடலாம்.”

அவர் மன்னிப்புக் கேட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. சின்ன மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெரிய மகள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அன்றைக்கு மாமனாரே முன்னால் நின்று பரிமாறினார், பெரிய மாப்பிள்ளையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, பெரிய மாப்பிள்ளை சகலையின் காதருகே குனிந்தார்.

“தம்பி, எனக்கு வேலை கிடைச்சிருச்சு. நாளைக்குச் சேர்றேன். ஜெயிச்சுட்டு எல்லார்கிட்டயும் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள மாமா சோதனையில இறங்கிட்டார்.”

“அண்ணே! நிஜமாவா?” சின்ன மாப்பிள்ளை அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

“நிஜம்தான். அதனால அடுத்த வாரம் அந்தத் தடுக்கிற பட்டனைச் சரி பண்ணிட்டு வா.”

சின்ன மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். “உங்களுக்கு... எப்படிண்ணே தெரியும்?”

“முதல் வாரமே நீ தண்ணி குடிக்கப் போனப்ப, கண்ட்ரோலரை மாத்தி எடுத்துட்டேன். எவ்வளவு அமுக்கினாலும் தடுக்கவே மாட்டேங்குது!”

“தெரிஞ்சுமா இவ்வளவு நாள் விளையாடினீங்க?”

“என்ன பண்றது? நீ ஆசை ஆசையா வந்து தோக்கிறே. நான் ஜெயிக்கலைன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்!”