நிலாவில் ஒருவர்

ஊர்வாரியாக வரும் அரசாங்கத்தின் மாதப் புள்ளிவிவரச் செய்திக்குறிப்பை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்டு, வெயிலோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள் புள்ளியியல் அலுவலகத்து ரெஜினா. யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அடுத்த மாதத்தோடு அதை நிறுத்திவிடுவார்கள். உப்பளத் தெருவில் அத்தனை பேரும் கையை விரித்துவிட்டார்கள். கடைசி வீட்டுச் சந்தனமாரி மட்டும், "ஒண்ணாந்தேதி ஆனா மொத ஆளா நான் பாத்துருவேனே" என்றாள்.

"எதைப் பாப்பீங்கக்கா? விலைவாசியா, மழையளவா?"

"அதெல்லாம் எனக்கெதுக்கு? கடைசிப் பக்கத்துல, 'நிலாவில் பணிபுரியும் இவ்வூரார்: ஒருவர்'னு இருக்கும்லா. அந்த ஒருத்தன் எம்மவன்தான். மூணு வருசத்துக்கு வீட்டுக்குப் பேசக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டுல்லா கூட்டிட்டுப் போனானுவ."

ரெஜினா படிவத்தைப் பார்த்தாள். "இதை வச்சு என்ன முடிவு எடுப்பீங்கன்னு கேட்டிருக்குக்கா."

"ஒருவர்னு இருந்தா, அன்னைக்கு அவனுக்குப் பிடிச்ச நெத்திலிக் குழம்பு வைப்பேன். இதைவிடப் பெரிய முடிவு என்ன வேணுமாம் தாயி, ஒங்க ஆபீசுக்கு?"

ரெஜினா சிரித்துக்கொண்டே அதை அப்படியே எழுதினாள். அடுத்த கேள்வி, அந்த எண் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்பது. அதை அவள் கேட்கவில்லை. அந்தக் கட்டத்துக்குள், 'செய்திக்குறிப்பு தொடர்ந்து வர வேண்டும்' என்று எழுதி, சந்தனமாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.