இணைந்த சைக்கிள்கள்

“இணைச்சாச்சு. இனி யார் கால் ஓஞ்சாலும் பாரத்தை மத்தவங்க பெடல் வாங்கிக்கும்,” என்றான் ரத்தினவேல், கல்யாணமான மறுநாள்.

“அப்ப நான் சும்மா உக்காந்து வரேன், மாமா,” என்றாள் கோமளா.

“வா. எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராத.”

கம்பம் பள்ளத்தாக்கின் கால்வாய்ச் சாலையில் சைக்கிள்களைத் தவிர வேறு வண்டிகளுக்கு இடமில்லை. தாலி கட்டிய மறுநாள் கணவன் மனைவியின் சைக்கிள்களைக் கம்பியில்லாமல் இணைத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். ஆரம்பத்தில் கோமளாவின் பாரத்தையும் சேர்த்து அவன்தான் மிதித்தான். இந்த ஆறேழு மாதமாக அவளுடைய பெடல் கனக்கிறது. கேட்டால், “எதிர்க்காத்து” என்பான்.

இன்று திராட்சைத் தோட்டத்து மேட்டில் ஓர் இலைகூட அசையவில்லை. அவன் பெடல் மேல் பேருக்குக் கால் வைத்திருந்தான். இரண்டு பேரையும் அவளே மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். பாரம் அவளுக்குப் பெரிதில்லை. எதையோ மறைக்கிறான் என்ற பயம்தான் பெரிது. கைப்பிடியில் இருந்த பொத்தானை அழுத்தி இணைப்பைத் துண்டித்தாள்.

அவனுடைய சைக்கிள் நின்றுவிட்டது. காலை ஊன்றி, திராட்சைப் பந்தலின் கல்லுக்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

“என்ன புள்ள, கோவமா?”

“கோவமில்ல மாமா. இனி உங்க கஷ்டத்தை வண்டி சொல்லாது. நீங்கதான் வாயைத் திறந்து சொல்லணும்.”

மாதக்கணக்கில் அவன் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது இப்போது வெளியே வந்தது.

“நெஞ்சு வலிக்குது, கோமளா. பயமா இருக்கு. என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியா?”