பிளக்கின் மூஞ்சி

மேட்டில் பாதி தூரம் ஏறியதும் கார் திணறி நின்றுவிட்டது. இன்னொரு தடவை நின்றால் பழைய இரும்புக்கடைதான் என்று ஓனர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

நேற்றுதான் இஞ்சினில் பவுசான புது ஸ்பார்க் பிளக் நாலு மாட்டியிருந்தார்கள். "நான் வந்துட்டேன்ல, இனி வண்டி பறக்கும்" என்று முதல் பிளக் பீற்றிக்கொண்டே வந்தது.

"பறந்து கிழிச்ச" என்று இருமியது ஏர் ஃபில்டர். "என் தொண்டை பூரா ரெண்டு வருஷத் தூசி. காத்து வராம நீ எவ்வளவு பொறி விட்டு என்னடா? மூஞ்சியைப் பாரு, ஒரே கரி."

"கரியா? என் மூஞ்சியிலயா?"

"அதுவும் நல்லதுக்குத்தான். மெக்கானிக் முபாரக் முதல்ல உன்னைத்தான் கழட்டிப் பார்ப்பாரு. கரியைப் பார்த்தா காத்து வரலைன்னு புரிஞ்சுக்கிட்டு என்னைக் கழட்டித் தூசி தட்டி மாட்டுவாரு. வண்டி பிழைச்சுக்கும். அப்படியே காட்டு, போதும்."

முபாரக் வந்து கழற்றினார். அவர் கையிலிருந்து பிளக் வேண்டுமென்றே வழுக்கி வேஸ்ட் துணியில் விழுந்து, மூஞ்சியை அழுத்தித் தேய்த்துக்கொண்டது.

"பிளக் பளிச்சுன்னு இருக்கு சார், காத்துல குறையில்ல. இஞ்சின்தான் போச்சு. எடைக்குப் போட்டுடுங்க."

பிளக்குக்குப் பெருமை தாங்கவில்லை. கரியைக் காட்டு என்று ஏர் ஃபில்டர் ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருந்தது. அதை மட்டும் பிளக் செய்யவில்லை.